பம்புசெட்டும் சட்டமன்றமும்
(கொல்கத்தா அலிப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நவீன வேளாண்மை பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் விரைவில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. குட்டை ரக நெல்லும் உரமும் ஆழ்துளைக் கிணறும் வந்ததால்தான் பஞ்சம் ஒழிந்தது என்கிறது ஒரு கட்சி. அவை வந்ததால்தான் மண் கெட்டது, நீர் கீழே போனது, உழவர் கடனாளியானார் என்கிறது மற்றொன்று. இரண்டிடமும் சான்றுகள் இருக்கின்றன. அதனால்தான் ஐம்பது ஆண்டுகளாக ஒன்றை ஒன்று வெல்ல முடியவில்லை. இன்று நான் சொல்ல வருவது இந்த இரண்டிலும் சேராத ஒரு கருத்து. ஒரு வேளாண் கருவி யாருக்கு நன்மை செய்யும், யாருக்குத் தீங்கு செய்யும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது மாநில அரசு எழுதும் விதி. அந்தக் கருவியை யார் வைத்துக்கொள்ளலாம், என்ன செலவில் ஓட்டலாம், அதனால் கிடைப்பதை யாருக்கு விற்கலாம் என்பவை எல்லாம் அந்த விதிக்குள் அடக்கம். மேற்கு வங்கத்தின் நிலத்தடி நீர்ப் பாசனத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் தமிழ்நாட்டை நிறுத்தி, இதை நிறுவப் பார்க்கிறேன்.

இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் இந்த அலிப்பூரிலேயே இருக்கிறது. வில்லியம் கேரி 1820இல் தொடங்கிய வேளாண்-தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் இன்றும் இங்கேதான் இயங்குகிறது. வெளிநாட்டு விதைகளை வரவழைப்பது, பயிரிட்டுப் பார்ப்பது, நன்றாக வந்ததைப் பரப்புவது ஆகியவை அந்தச் சங்கத்தின் தொடக்ககால வேலைகள். அன்றைய அளவில் அதுதான் நவீன வேளாண்மை. ஆனால் அந்த விதைகள் போய்ச் சேர்ந்த நிலம் 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தின் கீழ் இருந்தது. ஜமீன்தார் அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை மாறாது. குடியானவரிடம் வசூலிக்கும் குத்தகையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகலாம். விளைச்சலைக் கூட்டினால் கூடிய பங்கு யாரிடம் போகும் என்பது உழவருக்குத் தெரிந்திருந்தது. அதே காலத்தில் வங்காளத்தில் வேகமாகப் பரவிய வணிகப் பயிர் அவுரி. அது பரவியதற்குக் காரணம் பயிரின் சிறப்பு இல்லை. முன்பணம் கொடுத்து உழவரைக் கட்டிப்போட்ட ஒப்பந்த முறை. 1859இல் குடியானவர்கள் கிளர்ந்து எழுந்தது அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து. விவசாய அறிவியலின் பெயரால் ஒரு சங்கமும், வணிகத்தின் பெயரால் ஒரு பயிரும் ஒரே மண்ணில் இறங்கின. இரண்டின் பலனையும் பங்கு பிரித்தது சட்டம்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய கதைக்கு வருவோம். 1943இன் பெரும்பஞ்சத்தைக் கண்ட மாநிலம் இது. 1959லும் 1966லும் உணவு கேட்டு நடந்த போராட்டங்கள் இதன் அரசியலையே திருப்பிப் போட்டன. ஆயினும் உற்பத்தி அசையவில்லை. 1960களின் தொடக்கத்தில் மத்திய அரசு கொண்டுவந்த தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் நம் தஞ்சாவூர் போலவே இங்கே பர்த்வான் மாவட்டமும் சேர்க்கப்பட்டது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கொடுப்பது அதன் நோக்கம். தஞ்சாவூரில் ஏடிடி 27 ரகம் பரவியது. வங்காளத்தின் பெரும்பகுதியோ மழையை நம்பிய ஆமன் நெல்லோடு நின்றுவிட்டது. கார்த்திகை, மார்கழியில் ஆமன் அறுவடை முடிந்தால் அடுத்த மழைவரை வயல் சும்மா கிடக்கும். ஜேம்ஸ் பாய்ஸ் என்ற பொருளியலாளர் 1987இல் வெளியிட்ட நூலில் வங்காள வேளாண்மை ஒரு முட்டுச்சந்தில் நிற்கிறது என்றும், நீரைக் கூட்டாக நிர்வகிக்க முடியாத நில உடைமை அமைப்பே அதற்குக் காரணம் என்றும் வாதிட்டார். வரலாற்றின் குறும்பு என்னவென்றால், அந்த நூல் அச்சாகி வந்தபோதே முட்டுச்சந்து உடைந்துகொண்டிருந்தது. 1980களில் மேற்கு வங்க வேளாண் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் ஆறு விழுக்காடு வளர்ந்ததாகக் கணக்கிடப்பட்டது. பெரிய மாநிலங்களில் அன்று அது முன்வரிசை.

அதை உடைத்தது எது என்பதில் இங்கே நெடிய சர்ச்சை நடந்திருக்கிறது. இடதுசாரிகள் காட்டியது ஆபரேஷன் பர்கா. 1978இல் தொடங்கிய அந்த இயக்கம் வாரத்துக்கு உழும் பர்கதார்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. இடுபொருள் செலவை நில உடைமையாளர் ஏற்காவிட்டால் விளைச்சலில் நான்கில் மூன்று பங்கு உழுபவருக்கு என்றும், அவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்றும் சட்டம் சொன்னதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் பதிவு பெற்றோர் எண்ணிக்கை 14 லட்சத்தைத் தாண்டியது. மறுதரப்பு காட்டியது ஷாலோ. காவிரி டெல்டாவில் ஃபில்டர் பாயின்ட் என்று நாம் சொல்லும் ஆழமில்லாத குழாய்க் கிணற்றுக்கு வங்காள உழவர் வைத்திருக்கும் பெயர் அது. ஷாலோ வந்ததும், சும்மா கிடந்த வயலில் போரோ நெல் வந்தது. தை, மாசியில் நட்டு, கோடையில் அறுக்கும் பயிர். நம் நவரைப் பட்டத்துக்கு உறவு. மழை இல்லாத காலத்துப் பயிர் என்பதால் கிணறு இல்லாவிட்டால் போரோ இல்லை. சீர்திருத்தமா, தொழில்நுட்பமா என்று பொருளியல் இதழ்கள் பல ஆண்டுகள் வாதிட்டன. அபிஜித் பானர்ஜி, பால் கெர்ட்லர், மைத்ரீஷ் கட்டக் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, வாரதாரரின் உரிமை உறுதியானதும் விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததாகக் காட்டியது. ஆனாலும் வளர்ச்சி முழுவதையும் அது ஒன்றே விளக்கிவிடாது. என் பார்வையில் இந்த இரண்டும் போட்டி விளக்கங்களே அல்ல. விளைச்சலில் பங்கு உறுதி என்றானபின் உரத்துக்கும் நீருக்கும் காசு போட உழுபவர் துணிகிறார். நீர் கிடைத்தபின் அந்த உரிமைக்கு ஒரு மதிப்பு வருகிறது.

நீர் எப்படிக் கிடைத்தது என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் மையம். மேற்கு வங்கத்தில் ஒரு குடும்பத்தின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர் அளவே. தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய அதுதான். எல்லோரும் கிணறு போட முடியாது. ஆகவே மோட்டார் வைத்திருப்பவர் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் விற்றார். மின்மோட்டார்களுக்கு அப்போது மீட்டர் இல்லை; ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த அந்தத் தொகை 2006 வாக்கில் எட்டாயிரத்தைத் தாண்டியது. கட்டணம் ஏற ஏற, அதை ஈடுகட்டுவதற்காக மோட்டார்க்காரர் அக்கம்பக்கத்தில் வாடிக்கை தேடினார். ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் அவருக்குக் கூடுதல் மின்செலவு எதுவும் கிடையாது. அதனால் தண்ணீர் விலை அடங்கியிருந்தது. அரை ஏக்கர் வைத்திருந்தவரும் போரோ நட்டார். இதை எந்த அமைச்சரும் ஏழைகளுக்கான திட்டம் என்று அறிவிக்கவில்லை. கட்டண முறையின் பக்கவிளைவாக அது நிகழ்ந்தது. ஆனால் இந்த வாய்ப்பு ஒரு சிறு பகுதிக்கே. மாநிலத்தின் பம்புகளில் ஐந்தில் ஒன்றுகூட மின்சாரத்தில் ஓடவில்லை. மற்றவை டீசலில் ஓடின. 2000க்குப் பின் டீசல் விலை ஏறியபோது போரோவின் இலாபம் கரைந்தது. கையெட்டும் ஆழத்தில் நீர் இருந்தும் அதை மேலே கொண்டுவரக் காசில்லை என்ற நிலை வந்தது.

அந்த நேரத்தில் மாநில அரசு மூன்று முடிவுகளை எடுத்தது. முதலாவது 2005ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டம். கிணற்றுக்கு மின்இணைப்பு வேண்டுமென்றால் மாநில நீர் ஆய்வுத் துறையின் அனுமதி கட்டாயமானது. நீரைக் காப்பது நோக்கம். ஆனால் மாநிலத்தின் மிகப் பெரும்பாலான வட்டாரங்கள் நிலத்தடி நீர் மதிப்பீட்டில் பாதுகாப்பானவை என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தன. வற்றாத இடத்திலும் வற்றும் இடத்துக்குரிய விதி செல்லுபடியானது. அதோடு கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் விண்ணப்பதாரரே ஏற்க வேண்டியிருந்ததால் சிறு உழவர் வரிசையிலேயே நிற்கவில்லை. இரண்டாவது முடிவு 2007இல் தொடங்கிய மீட்டர். தொலைவிலிருந்தே கணக்கெடுக்கும் மின்னணு மீட்டர்கள் பொருத்தப்பட்டன. மாலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரை யூனிட் விலை அதிகம், நள்ளிரவில் குறைவு. மூன்றாவது, 34 ஆண்டுக்கால இடதுசாரி ஆட்சி முடிந்து புதிய அரசு வந்தபின் 2011 நவம்பரில் வந்த ஆணை. பாதுகாப்பான வட்டாரங்களில் ஐந்து குதிரைத்திறனுக்கு உட்பட்ட மோட்டாருக்கு அனுமதி தேவையில்லை என்றது அது. இணைப்புக் கட்டணமும் மோட்டாரின் அளவைப் பொறுத்து ஒரு நிலையான தொகையாக்கப்பட்டது. அதிதி முகர்ஜி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் திரட்டிய கள ஆதாரங்கள் இந்த மாற்றத்துக்குத் துணை நின்றன; அந்தப் பணிக்காக அவருக்கு 2012இல் நார்மன் போர்லாக் களப்பணி விருது கிடைத்தது. சிங்கூர், நந்திகிராம் நில எடுப்புப் போராட்டங்கள் தலைப்புச் செய்திகளை நிரப்பிய காலத்தை ஒட்டிய ஆண்டுகளில், பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல், இந்த மூன்று முடிவுகளும் கிராம வயலின் கணக்கை மாற்றின.

ஒரே மோட்டார், ஒரே நீர், ஒரே நெல் ரகம். விதி மாறியபோது பயனாளி மாறினார். ஒரே தொகைக் கட்டணம் தண்ணீர் வாங்குபவருக்குச் சாதகமாக இருந்தது. மீட்டர் வந்ததும் தன் தேவைக்கு மட்டும் ஓட்டிய மோட்டார்க்காரரின் கட்டணம் குறைந்தது. விற்கவேண்டிய நெருக்கடி போனதால் தண்ணீர் விலை உயர்ந்தது. 2005 சட்டம் ஏற்கெனவே இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு ஒருவகை ஏகபோகத்தைக் கொடுத்தது. 2011 ஆணை, நேற்றுவரை தண்ணீர் வாங்கியவர்களில் ஒரு பகுதியினரைச் சொந்தக் கிணற்றுக்காரர் ஆக்கும் வழியைத் திறந்தது. நவீன வேளாண்மை வங்காளத்தில் ஏழைக்கு உதவியதா என்று கேட்டால், எந்த ஆண்டின் விதிப்படி என்று திருப்பிக் கேட்பதே நேர்மையான பதில்.

இனித் தமிழ்நாட்டைப் பாருங்கள். இந்த அலிப்பூர் வானிலை மையம் அளக்கும் மழை ஆண்டுக்கு 1,700 மில்லிமீட்டருக்கும் மேல்; தமிழ்நாட்டின் சராசரி ஆயிரத்துக்கும் கீழே. இங்கே தெற்கு வங்கத்தில் நிலத்தடியில் கங்கை கொண்டுவந்த ஆழமான வண்டல். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது பெருமளவு நிரம்பிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலத்துக்கு அடியில் கடும்பாறை. நீர் தங்க வெடிப்புகளைத் தவிர இடமில்லை. மேற்கு வங்கம் ஆண்டுதோறும் ஊறும் நீரில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கிறது. தமிழ்நாடு முக்கால் பங்கை ஒட்டி எடுக்கிறது. சுமார் மூன்றில் ஒரு பங்கு ஃபிர்காக்கள் (குறுவட்டங்கள்) அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை. கோவை, திருப்பூர்ப் பக்கம் போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டுவது செய்தியே இல்லை. விதிகளை ஒப்பிட்டால் தலைகீழ். நீர் மிகுந்த மேற்கு வங்கம் மீட்டர் பொருத்திக் காசு வாங்குகிறது. நீர் குறைந்த தமிழ்நாடு 1984இல் சிறு உழவருக்கும், 1990இல் எல்லா உழவருக்கும் பம்புசெட் மின்சாரத்தை இலவசமாக்கியது. 2003இல் தமிழ்நாடும் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வராமலேயே 2013இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இரண்டு மாநிலத்திலும் விதியை எழுதியது நீரின் அளவைப் பார்த்து அன்று, அரசியலின் பலத்தைப் பார்த்து. கொங்கு நாட்டில் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் 1970 முதல் மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடினர். துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. கிணறும் மோட்டாரும் வைத்திருந்த உழவர் அங்கே அமைப்பாகத் திரண்டிருந்தார். வங்காளத்தில் அமைப்பாகத் திரண்டது வாரதாரரும் கூலியாளும். மோட்டார்க்காரருக்கு என்று ஓர் இயக்கம் இல்லை. அதனால்தான் அங்கே இலவச மின்சாரம் வந்தது, இங்கே நில உரிமைப் பதிவு வந்தது.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் கனமானது சுற்றுச்சூழல் தரப்பிலிருந்து வருவது. விதி எப்படி இருந்தாலும் ஷாலோ நஞ்சைத்தானே கொண்டுவந்தது என்பார்கள். 1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, 24 பர்கனாக்களிலிருந்து வந்தவர்களின் தோல் புண்களுக்குக் காரணம் குழாய்க் கிணற்று நீரிலுள்ள ஆர்செனிக் என்று கண்டறிந்தார். பிறகு நதியா, முர்ஷிதாபாத், மால்டா எனப் பட்டியல் நீண்டது. அந்த நீரைப் பாய்ச்சும் போரோ வயலின் மண்ணிலும், அளவு வேறுபட்டாலும், நெல்மணியிலும் அது சேர்கிறது. இதில் மறுக்க எதுவும் இல்லை. இந்த உண்மை என் வாதத்தைத் திருத்துகிறது, கவிழ்க்கவில்லை. 2011 ஆணை பாதுகாப்பு என்பதை நீரின் அளவைக் கொண்டு மட்டும் வரையறுத்தது; தரத்தைக் கேட்கவில்லை. நீர் மட்டம் நன்றாக இருக்கும் வட்டாரத்தில் ஆர்செனிக் மிகுந்திருக்கலாம். அங்கே வேண்டியது போரோவுக்குப் பதில் குறைந்த நீர் கேட்கும் கடுகு, பருப்பு வகைகளுக்கு ஆதரவு விலை. குடிநீருக்கு ஆற்று நீர் அல்லது ஆழமான நீரடுக்கு. அவையும் விதிகளே. ஷாலோவை மொத்தமாகத் தடைசெய்தால், ஆர்செனிக் இல்லாத வட்டாரத்தின் அரை ஏக்கர்க்காரர் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுவார்.

இதோடு சேர்ந்தது நாட்டு ரகங்களின் இழப்பு. வங்காளத்தின் ஆயிரக்கணக்கான நெல் ரகங்களில் பெரும்பாலானவை வயலை விட்டுப் போய்விட்டன. ஆந்திராவின் மாருடேருவில் உருவான ஸ்வர்ணா ரகம் வயல்களை நிரப்பியது. எஞ்சியவற்றைத் தேபல் தேப் போன்றோர் தேடிச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் நம்மாழ்வாரும் நெல் ஜெயராமனும் செய்ததும் அத்தகைய பணியே. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நாட்டு ரகம் வயலில் நிலைக்க வேண்டுமென்றால் அரசுக் கொள்முதலில் அதற்குத் தனி விலையும் விதைச் சான்று முறையில் அதற்கு இடமும் வேண்டும். அரசுக் கொள்முதல் நிலையம் எடையை மட்டும் பார்த்துப் பணம் தரும்வரை, எடை தரும் ரகமே வெல்லும். இங்கும் வாதம் விதியிடம்தான் வந்து நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு: சிக்கல் தண்ணீரில் இல்லை, விலையில் இருக்கிறது. இதில் பாதி உண்மை. 1990களின் நடுவில் வங்காள வேளாண் வளர்ச்சி தளர்ந்ததற்குச் செலவு ஏறிய வேகத்தில் விளைபொருள் விலை ஏறாததும் ஒரு காரணம். உருளைக்கிழங்கு இன்னும் தெளிவான சான்று. மாநிலத்துக்குள் விலை உயரும்போது ஒடிசா எல்லையில் லாரிகளை நிறுத்துவதை 2014இல் கண்டோம், 2024லும் கண்டோம். விலை விழும் ஆண்டில் நஷ்டம் உழவருக்கு. ஏறும் ஆண்டில் கதவு மூடப்படுகிறது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2021 ஜனவரியில் மேற்கு வங்கச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14ஆவது பதிவு, அதில் டெல்லி தலையிடுவது முறையல்ல என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் உரிமை மாநிலத்துக்கு என்று சொல்லும் சட்டமன்றம், அந்த உரிமையைக் கொண்டு தன் எல்லைச் சாவடியில் என்ன செய்கிறது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, விதியில் இவ்வளவு நம்பிக்கை வைப்பது வெகுளித்தனம் என்பது. எந்த விதியும் கட்சிக்காரர் கையில் சலுகையாக மாறிவிடும் என்பார்கள். அனுமதி தரும் அதிகாரி இருக்கும் இடத்தில் அது பெரும்பாலும் உண்மை. அதனாலேயே 2011 ஆணையின் வடிவம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வட்டாரம் எந்த வகை, மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்ற இரண்டு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும். தயவு கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எதிர்நிலை. இலவச இணைப்பு என்பதால் அது ரேஷன் ஆகிவிட்டது. லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, 2021இல் ஒரு லட்சம் இணைப்பு தருவதையே ஓர் அரசு தன் சாதனையாக அறிவிக்க வேண்டியிருந்தது. இலவசம் வரிசையில் முன்னால் நின்றவருக்குக் கிடைத்தது. பின்னால் நின்றவர் டீசலுக்கோ பக்கத்துக் கிணற்றுக்கோ காசு கொடுக்கிறார்.

அப்படியானால் தமிழ்நாடு நாளைக்கே மீட்டர் பொருத்திப் பில் போட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். மீட்டர் என்ற சொல்லின் பின்னால் உயிரிழந்தவர்களின் நினைவு இருக்கும் ஊரில், வங்காள விதியைப் பெயர்த்து நடுவது மூடத்தனம். அந்த மீட்டர் இங்கேயே தண்ணீர் வாங்குபவரைப் பாதித்தது என்பதையும் பார்த்தோம். ஆனால் அளப்பதும் வசூலிப்பதும் வெவ்வேறு செயல்கள். குஜராத் ஜோதிகிராம் திட்டத்தில் வயலுக்கான மின்தடத்தை வீட்டு மின்தடத்திலிருந்து பிரித்தது. பஞ்சாப் 2018இல் தொடங்கிய திட்டத்தில், ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடிக்கும் உழவருக்குப் பணம் தந்தது. இலவசத்தை வைத்துக்கொண்டே டிரான்ஸ்ஃபார்மர் அளவில் பயன்பாட்டை அளந்து ஃபிர்கா வாரியாக வெளியிடத் தமிழ்நாட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் எவ்வளவு இறைக்கின்றன என்பது மதிப்பீடாக மட்டும் இருக்கும்வரை, நவீன வேளாண்மை பற்றி அங்கே நடக்கும் விவாதம் நம்பிக்கைகளின் மோதலாகவே நீடிக்கும்.

தேர்தல் காலத்தில் கட்சிகளிடம் நாம் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும் என்பதே என் முடிவு. நவீன வேளாண்மைக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று கேட்டால் இரண்டு பக்கமும் கைதட்டு வாங்கும் பதில்கள் கிடைக்கும். மேற்கு வங்கத்தில் கேட்க வேண்டியது: ஆர்செனிக் வட்டாரத்துக்குத் தனி விதி எப்போது, சொந்த மோட்டார் இல்லாமல் தண்ணீர் வாங்குபவருக்கு என்ன பாதுகாப்பு, உருளைக்கிழங்கு லாரியை நிறுத்தும் ஆண்டில் உழவருக்கு என்ன ஈடு? தமிழ்நாட்டில் கேட்க வேண்டியது: விலக்கிய நிலத்தடி நீர்ச் சட்டத்துக்கு மாற்று எங்கே, கிணறு இல்லாத குத்தகைதாரருக்கு இலவச மின்சாரத்தில் என்ன பங்கு? இந்தக் கேள்விகளுக்கு மேடையில் பதில் சொல்வது கடினம். ஆண்டும் அளவும் தொகையும் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த தேர்தலில் அதை எடுத்துவைத்துக் கணக்குக் கேட்கலாம்.